மில் முதலாளி வீட்டுப் பிள்ளையும் அரசாங்க நாற்காலியும்

விக்ரம் சாராபாய் என்றதும் எல்லோருக்கும் ராக்கெட்தான் ஞாபகம் வரும். 2019இல் பறந்த சந்திரயான்-2இன் லேண்டருக்கு அவர் பெயரை வைத்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் பழக்கமாகிவிட்டது. ஆனால் 1966இல், 46 வயதில், அணுசக்தி ஆணையத்தின் தலைவராக உட்காரும்வரை அந்த மனிதர் பாதி நாள் விஞ்ஞானி, மீதி நாள் குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி. பரோடாவில் மருந்து, ரசாயனக் கம்பெனிகள், அகமதாபாத்தில் துணி மில், அதோடு எண்ணெய் மில் என்று பெரிய சாம்ராஜ்யம். இந்த முதலாளி பாதியை நாம் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். அதைச் சரியாகப் பார்த்தால்தான் அரசாங்கத்துக்குள் வந்து அவர் செய்த காரியங்கள் ஏன் அப்படி இருந்தன என்பது விளங்கும் என்று நான் நினைக்கிறேன். நல்லதும் சரி, சிக்கலானதும் சரி, இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அப்பா அம்பாலால் சாராபாய், அகமதாபாத்தின் காலிகோ மில் முதலாளி. ஜைனக் குடும்பம், ஊரிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். 1915இல் காந்தி கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கி, தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒரு குடும்பத்தை அங்கே சேர்த்துக்கொண்டபோது, உதவி செய்துகொண்டிருந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதச் செலவுக்குப் பணம் இல்லை. ஒரு நாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது, ஹாரன் சத்தம் கேட்டது, காந்தி வெளியே போனார், ஒரு சேட் 13,000 ரூபாயை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வராமலேயே திரும்பிப் போய்விட்டார். காந்தி இதை எழுதும்போது பெயரைச் சொல்லவில்லை. அந்த சேட் அம்பாலால்தான் என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

இதே அம்பாலால்தான் மூன்று வருஷம் கழித்து, 1918 மில் வேலைநிறுத்தத்தில், முதலாளிகள் பக்கம் தலைமை தாங்கி காந்திக்கு எதிரே நின்றவர். தொழிலாளர்கள் 35 சதவீதம் கூலி உயர்வு கேட்டார்கள், மில் முதலாளிகள் 20க்கு மேல் முடியாது என்றார்கள். தொழிலாளர்களோடு தெருவில் நின்றவர் யார் தெரியுமா? அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. தம்பி மில்லுக்குள், அக்கா மில் வாசலில். காந்தி உண்ணாவிரதம் இருந்த பிறகு பேச்சு முடிந்தது, 1920இல் அனசூயா முன்னின்று தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தச் சண்டைக்குப் பிறகும் அக்காவும் தம்பியும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கலாம், அதனால் வீடு உடைந்துவிடாது என்பதை அந்தக் குடும்பம் விக்ரம் பிறப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டிருந்தது. அவர் பிறந்தது 1919 ஆகஸ்ட் 12.

எட்டுப் பிள்ளைகள். ஊரில் இருந்த பள்ளிக்கூடங்கள் எதுவும் அம்பாலாலுக்கும் அவர் மனைவி சரளாதேவிக்கும் பிடிக்கவில்லை, அதனால் ஷாஹிபாக்கில் 'ரிட்ரீட்' என்ற தங்கள் பங்களாவிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வாத்தியார்கள் வீட்டுக்கு வந்தார்கள். விருந்தாளியாகத் தாகூர் வருவார், சி.வி.ராமன் வருவார். சின்னப் பையன் விக்ரமுக்கு இயந்திரங்களில் ஆசை என்று தெரிந்ததும் வீட்டிலேயே ஒரு பட்டறை போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து வயது வாக்கில் இரண்டு பொறியாளர்களின் உதவியோடு ஓடக்கூடிய ஒரு சின்ன ரயில் எஞ்சினை அவர் செய்தார், அது இன்னும் அகமதாபாத்தில் இருக்கிறது. ஒரு பையனின் விளையாட்டுக்கு இரண்டு பொறியாளர்கள். அந்த வசதி எப்பேர்ப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதே ஆசை இருந்திருக்கும், பட்டறைதான் இருந்திருக்காது.

கேம்பிரிட்ஜில் சேரத் தாகூர் கடிதம் எழுதிக் கொடுத்தார். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1940இல் பட்டம். போர் வந்ததால் ஊர் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமனிடம், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராய்ச்சி. அங்கேதான் ஹோமி பாபாவும் இருந்தார், அவரும் வசதியான குடும்பத்துப் பிள்ளை, டாடா குடும்பத்தோடு உறவு உள்ளவர். பின்னாளில் இந்தியாவின் அணுசக்தி, விண்வெளி இரண்டையும் அடுத்தடுத்துத் தூக்கி நடத்திய இரண்டு பேரும் ஒரே வளாகத்தில் இளைஞர்களாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு உறவு உண்டு. 1942இல் விக்ரம் கல்யாணம் செய்துகொண்டது மிருணாளினியை. சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சுவாமிநாதன், பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினரான அம்மு சுவாமிநாதன் ஆகியோரின் மகள், கேப்டன் லட்சுமியின் தங்கை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். கல்யாணம் நடந்தது சென்னையில். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வரமுடியவில்லை.

சரி, இப்போது 1947க்கு வருவோம். என் பார்வையில் அவர் வாழ்க்கையைத் தீர்மானித்த வருஷம் அதுதான், முதல் ராக்கெட் பறந்த 1963 அல்ல.

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பியவருக்கு வயது 28. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். பணம் குடும்ப அறக்கட்டளையிலிருந்தும் அகமதாபாத் கல்விச் சங்கத்திலிருந்தும் வந்தது. இயக்குநராகத் தன்னைப் போட்டுக்கொள்ளவில்லை. ராமனின் மாணவரும் வானிலைத் துறையில் பெரிய பெயர் எடுத்தவருமான பாலக்காட்டுக்காரர் கே.ஆர்.ராமநாதனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தன் வீட்டுப் பணத்தில் நடக்கும் இடத்தில் தன்னைவிட மூத்தவரை மேலே வைத்துவிட்டு அவருக்குக் கீழே பேராசிரியராக வேலை பார்ப்பது, முதலாளி வீட்டுப் பிள்ளைகளிடம் நாம் அடிக்கடி பார்க்கிற குணமா?

இரண்டாவது காரியத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அட்டிரா, அதாவது அகமதாபாத் துணி மில்கள் எல்லாம் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சிச் சங்கம். கஸ்தூர்பாய் லால்பாய் போன்ற மில் முதலாளிகள் பின்னால் நின்றார்கள், கட்டி எழுப்பும் பொறுப்பு விக்ரமுக்கு. அவருக்குக் காஸ்மிக் கதிர் தெரியும், நெசவு இயந்திரத்தைப் பற்றிப் படித்தவர் இல்லை. அவர் வேலைக்கு எடுத்தவர்களில் பலரும் துணித் தொழிலில் அனுபவமே இல்லாத இளைஞர்கள்: இயற்பியல், புள்ளியியல், உளவியல் படித்தவர்கள். தாத்தா காலத்திலிருந்து மில் நடத்துகிறவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தறியைத் தொட்டுப் பார்க்காத பையன்கள் வந்து, நூல் ஏன் அறுகிறது, பாவுக்குக் கஞ்சி போடுவதில் எவ்வளவு வீணாகிறது, ஒரு ஆள் எத்தனை தறி பார்க்கலாம் என்று நோட்டுப் புத்தகத்தோடு கேள்வி கேட்டால்! அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. என் மில்லின் கணக்கை வெளியே சொன்னால் பக்கத்து மில்காரன் தெரிந்துகொள்வானே என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கி, போட்டிக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பதற்கு அறிவியல் தெரிந்தால் மட்டும் போதாது, அவர்களில் ஒருவராகப் பிறந்திருக்கவும் வேண்டும். விக்ரம் சொன்னால் கேட்டார்கள், ஏனென்றால் அவர் அம்பாலால் பிள்ளை.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில் நடத்துகிறவர்களைக் கேட்டால் 'சிட்ரா' என்று சொல்வார்கள், நூலைச் சோதித்துக் கொடுக்கும் இடம். 1956இல் வந்தது. அகமதாபாத்தில் அட்டிரா காட்டிய அதே வழி, மில்கள் சேர்ந்து செலவைப் போட்டுக்கொண்டு ஆராய்ச்சிக் கூடம் வைத்துக்கொள்வது.

அட்டிராவில் 1956வரை இருந்தார். அதற்கு நடுவிலேயே பரோடாவில் சாராபாய் கெமிக்கல்ஸைக் கவனித்தார், வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்தார். 1960இல் ஓ.ஆர்.ஜி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எந்தச் சரக்கை எந்த ஊரில் யார் வாங்குகிறார்கள் என்று எண்ணிக்கையோடு கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை. இந்தியாவில் சந்தை ஆய்வு என்ற தொழிலே குழந்தையாக இருந்த காலம் அது. 1961இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். அதற்கும் கௌரவ இயக்குநர் அவர்தான், 1965இல் ரவி மத்தாயிடம் ஒப்படைக்கும்வரை. மத்தாய்க்கு அப்போது 38 வயது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு தும்பாவைப் பாருங்கள்.

1962இல் அணுசக்தித் துறையின் கீழ் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு உருவானது, தலைவர் சாராபாய். ராக்கெட் விட இடம் தேடினார்கள். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா, பூமியின் காந்த நடுக்கோடு அதன் மேல் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன் அந்த உயரம் போகாது, செயற்கைக்கோளோ அதற்கு மேலே சுற்றும். நடுவில் இருப்பதை அளக்க ராக்கெட்தான் வழி. காஸ்மிக் கதிர்களிலும் பூமியின் காந்தப் புலத்திலும் ஊறிய ஒருவருக்கு அந்த மீனவக் கிராமத்தின் அருமை தெரிந்திருந்தது.

அங்கே புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் சாராபாய் போய் அந்த இடத்தைக் கேட்டதும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள் என்று அவர் கூப்பிட்டதும், அங்கே கூடியிருந்த மக்களிடமே பிஷப் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டதும் அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை. நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்கள் வீட்டை விட்டு நகர்ந்தன, வேறு இடத்தில் புதுத் தேவாலயம் எழுந்தது. ராக்கெட் கதையில் இந்தக் குடும்பங்களுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

தேவாலயம் பட்டறையானது. பிஷப்பின் வீடு ஆபீஸ் ஆனது. அங்கே முதலில் வேலைக்கு வந்த இளைஞர்களில் இரண்டு பேர் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள், கலாமும் ஆர்.ஆரவமுதனும். வளாகத்தில் கேன்டீன் கிடையாது, சாப்பாட்டுக்குத் திருவனந்தபுரம் ரயில் நிலையம்தான் கதி. 1963 நவம்பர் 21 சாயங்காலம், அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட்டைத் தூக்கும் நேரத்தில் கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு. கடைசியில் ஆட்கள் கை கொடுத்துத் தூக்கித்தான் ராக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றினார்கள். அது சுமார் 200 கிலோமீட்டர் போனது, சோடியம் ஆவியைக் கக்கியது, பொழுது சாய்ந்த வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் தெரிந்தது.

ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே வைத்த கருவி பிரான்சுடையது. இரவல் வாங்கிச் செய்த வேலை என்று அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தொழில் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மில்லுக்கு முதல் இயந்திரம் லங்காஷயரிலிருந்துதான் வந்தது. முதலில் வாங்கு, ஓட்டிப் பழகு, பழுதுபார்க்கக் கற்றுக்கொள், அப்புறம் நீயே செய். மருந்துக் கம்பெனியிலும் அவர் அப்படித்தான் செய்தார். தும்பாவிலும் பிரெஞ்சு சென்டார் ராக்கெட்டுகளை உரிமம் வாங்கிச் செய்துகொண்டே, இன்னொரு பக்கம் சொந்தமாக ரோகிணி ராக்கெட்டுகளைச் செய்தார்கள்.

1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங்க் மலையில் விமானம் மோதி பாபா இறந்தார். அணுசக்தி ஆணையத்தில் அவர் உட்கார்ந்திருந்த தலைவர் நாற்காலிக்கு மே மாதம் சாராபாய் வந்தார். குடும்பக் கம்பெனிகளின் பொறுப்புகளை விட்டு விலகினார். பணத்துக்காக வேலை பார்க்கத் தேவையில்லாத ஒருவர் அரசுச் செயலாளர் ஆனார், அது அரசாங்கத்துக்குள் என்ன செய்தது என்பதுதான் கேள்வி.

ஒரு அரசு அதிகாரி, அனுபவம் இல்லாத இளைஞனிடம் பெரிய பொறுப்பைக் கொடுத்து அது தோற்றுப்போனால், தணிக்கையில் கேள்வி வரும், பதவி உயர்வு நிற்கும். அதனால் அவர் கோப்பில் ஐந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. சாராபாய்க்கு அந்தப் பயம் இல்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு டில்லி அசோகா ஓட்டலுக்குக் கலாமை வரச் சொல்லி, ராணுவ விமானம் சீக்கிரம் மேலெழும்ப உதவும் ராக்கெட் மோட்டாரைச் செய்ய முடியுமா என்று கேட்டு, அன்றைக்கே பரிசோதனைத் தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ரஷ்ய மோட்டார் ஒன்றைக் காட்டி, பொறுப்பைக் கையில் கொடுத்தார். இப்படி நம்பிக் கொடுத்ததில் வளர்ந்தவர்களின் பட்டியல் நீளம். ஆரியபட்டாவைச் செய்த யு.ஆர்.ராவ் அவருடைய மாணவர்.

1966இல் நாடே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி வேறு. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்துவிட்டது, நாம் எப்போது? பதவிக்கு வந்த சில வாரங்களில், ஜூன் 1ஆம் தேதி, சாராபாய் பத்திரிகையாளர்களிடம் பேசினார். ஒரு குண்டை வெடித்துக் காட்டுவதால் பாதுகாப்பு வந்துவிடாது, அதைக் கொண்டுபோகும் ஏவுகணை, ரேடார், அதன் பின்னால் நிற்கும் தொழில்துறை எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு, அதற்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள் என்பது அவர் வாதம். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு இல்லை அது, கணக்குப் பிள்ளையின் பேச்சு. பாபாவின் கீழ் பம்பாய் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வளர்ந்த பலருக்கு இவர் வெளியாள், அதோடு குண்டிலும் ஆர்வம் இல்லாதவர் என்பதால் மனக்கசப்பு கூடியது. அவர் இறந்து இரண்டரை வருஷத்தில், 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தார்கள். அவர் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நான் அவர் கணக்கின் பக்கம்தான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. 1970இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். 1980க்குள் 2,700 மெகாவாட் அணுமின்சாரம் என்றது அது, அதன் பக்கத்தில்கூட நாடு போகவில்லை. சொந்த ஏவுகலம் 1970களின் நடுவிலேயே பறக்கும் என்றது, எஸ்.எல்.வி.-3 வெற்றி கண்டது 1980 ஜூலை 18 அன்றுதான். முதலாளி ஒருவர் தன் கம்பெனியில் காலக்கெடு வைத்தால், பணத்தையும் ஆளையும் அவரே நகர்த்தலாம். அரசாங்கத்தில் இரும்பு ஒரு அமைச்சகம், அந்நியச் செலாவணி இன்னொரு அமைச்சகம், நிலம் மாநில அரசு. அந்த உராய்வை அவர் குறைத்து மதிப்பிட்டார். அப்புறம், எல்லாவற்றையும் தானே சுமந்தார். அணுசக்தி, விண்வெளி, அகமதாபாத் ஆராய்ச்சிக் கூடம், இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், வாரம் முழுக்க விமானத்தில். குடும்பத் தொழிலில் ஒருவர் பத்துக் கம்பெனிக்குத் தலைவராக இருப்பது சகஜம், நாட்டின் துறைகளை அப்படி நடத்த முடியாது.

ஆனாலும் அந்த ஐந்தரை வருஷத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 1967இல் ஹைதராபாத்தில் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ, ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா, 1971இல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம். அதுதான் இன்றைய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது டெலிவிஷன் விஷயம். 1967 ஜனவரி 26 அன்று டில்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொதுவான ஒரு டிவிப் பெட்டியை வைத்து விவசாய நிகழ்ச்சியைக் காட்டத் தொடங்கினார்கள், கிரிஷி தர்ஷன். அதற்குத் தூண்டுகோல் சாராபாய். செயற்கைக்கோள் வழியாக ஐந்து லட்சம் கிராமங்களுக்கு டிவி என்பது அவர் கனவு, ஆனால் கனவோடு நேரே அமைச்சரவைக்குப் போகவில்லை. முதலில் 80 ஊர். யார் பார்க்கிறார்கள், பார்த்ததில் எது வயலுக்குப் போகிறது, பெட்டி கெட்டுப்போனால் யார் சரிசெய்வது. புதுச் சோப்பை நாடு முழுக்க விற்பதற்கு முன் ஒரு மாவட்டத்தில் விட்டுப் பார்ப்பது போல. நகரத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கிராமத்துக்குப் போகலாம் என்பதுதான் அன்று வழக்கமான யோசனை, கடைசி ஊருக்குப் போய்ச் சேர முப்பது வருஷம் ஆகியிருக்கும். அவர் தலைகீழாக யோசித்தார். வசதி எதுவும் இல்லாத ஊருக்குத்தான் வானத்திலிருந்து நேரே கொடுக்க வேண்டும் என்றார். நிலாவுக்கும் கிரகங்களுக்கும் போவதில் பணக்கார நாடுகளோடு போட்டி போடும் ஆசை எங்களுக்கு இல்லை, ஆனால் மனிதர்களின் நிஜமான பிரச்சினைகளுக்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் யாருக்கும் பின்தங்கக்கூடாது என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். 1969 செப்டம்பரில் நாசாவோடு ஒப்பந்தமானது: அவர்களுடைய ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் ஒரு வருஷத்துக்கு இரவல், நிகழ்ச்சியும் பெட்டியும் நம்முடையவை.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று, தும்பா வேலையாக வந்தவர், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கோவளத்தில் ஹால்சியன் காசில் மாளிகை அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 52. அவர் ஒருவர் சுமந்ததைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அணுசக்தி ஹோமி சேத்னாவிடம் போனது, விண்வெளி சில மாதங்கள் எம்.ஜி.கே.மேனனிடம் இருந்து பிறகு சதீஷ் தவானிடம். 1972இல் விண்வெளிக்கென்று தனித் துறையே உருவானது. காலிகோ மில் 1990களில் மூடிப்போனது.

1975 ஆகஸ்ட் 1 அன்று அந்த நாசா செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் டிவி ஓடத் தொடங்கியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் விவசாயமும் உடல்நலமும். பெட்டிகளைச் செய்தது, அவர் காலத்தில் தொடங்கிய அதே ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். வெளியே நின்ற ஆண்டெனா பத்தடி விட்டம், கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையால் செய்தது.